பெருவிரல் போட்ட சிலுவை

ஜெனிஸ்ராவைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் அவளுடைய வலது கைப் பெருவிரலில் இருந்துதான் தொடங்க வேண்டும். சொல்வழி கேளாத விரல் அது. றொட்டிக்கு மா குழைத்து முடிந்தால் மாவின் மேல் ஒரு சிலுவை போடும். புதுக் கொப்பி வாங்கினால் முதற் பக்கத்தில் ஒன்று. உலைப் பானையின் மூடியில் ஒன்று. பஸ்ஸில் ஏறி இருந்தால் முன் இருக்கையின் முதுகில் ஒன்று. அந்த இருக்கையில் இருந்த மனுசன் திரும்பி முறைத்த நாட்களும் உண்டு. கேட்டால், "நானோ? நான் ஒண்டும் செய்யேல்லையே" என்பாள். பொய் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. மூளையிடம் கேட்காமலே அந்த விரல் தன்பாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

வேறு ஆருக்கென்றாலும் இந்தப் பழக்கத்தால் ஒரு தீங்கும் வந்திராது. ஜெனிஸ்ரா பார்த்த வேலை அப்படிப்பட்ட வேலை, என்ன செய்வது!

பிறந்தது மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில். தொண்ணூறாம் ஆண்டு, நாலு வயதில், தகப்பன் நீக்கிலாசின் வள்ளத்தில் தாயின் மடியில் இருந்து இராமேஸ்வரம் போனவள். மண்டபம் முகாமில் எழுத்துப் படித்து, கோயம்புத்தூர்ப் பக்கத்து முகாமில் வளர்ந்து, முட்டி மோதி நுண்ணுயிரியலில் பட்டமும் எடுத்துவிட்டாள். தாய் அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். பிறகு அந்த ஊரில் ஒரு கொம்பனியில் வேலை. கிருமிகள் வட்டத் தட்டுகளில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். பல்லுக்குத்தும் குச்சியின் நுனியால் ஒரு புள்ளியைத் தொட்டு, இன்னொரு தட்டில் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். பிறகு அடுத்தது. நாள் முழுக்க இதுதான். மற்றவர்கள் மூன்று மாதத்தில் தலை சுற்றி ஓடினார்கள். ஜெனிஸ்ரா எட்டு வருஷம் இருந்தாள். கை நடுங்காது, இடம் மாறாது, நூறில் ஒன்றும் பிசகாது.

அந்த வேலையை விட்டுவிட்டு ஏன் வந்தாள் என்றால், நீக்கிலாசின் அரியண்டம் தாங்காமல்தான். ஊருக்குப் போவோம், ஊருக்குப் போவோம் என்று மனுசன் சாப்பாட்டுக்கு முன் ஒருக்கா, பின் ஒருக்கா சொல்லுவார். சண்டை முடிந்து ஏழு வருஷம் கழித்து, "சரியப்பா, போவோம். என் படிப்புக்கு அங்கேயும் வேலை கிடைக்கும்" என்று சொல்லிக் கூட்டி வந்தாள். அந்தச் சொல்தான் பலிக்கவில்லை. இந்தியப் பட்டம் எங்கள் பட்டத்துக்குச் சமனோ என்று பார்க்கவேண்டும் என்று கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோர் கடதாசிகளை வாங்கி வைத்தது. வைத்தது வைத்ததுதான். இரண்டு வருஷம் நண்டுக் கொம்பனியில் நண்டுச் சதை கிள்ளினாள். "பட்டம் எடுத்த பிள்ளை நண்டு கிள்ளுது" என்று சனம் கதைத்தது. நீக்கிலாஸ் காது கேளாதவர் மாதிரி இருந்தார். அவருக்குக் காது நல்லாகவே கேட்கும், அது அவளுக்கும் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் கீரிக் கிராமத்துப் பக்கம் அரசாங்கத்தின் சின்ன ஆய்வு நிலையம் ஒன்று வந்தது. வந்த நோக்கம் சவுக்காரம். சிரிக்க வேண்டாம். தீவில் குளித்துப் பார்த்தவர்களுக்கு விளங்கும். கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர். சவுக்காரத்தைப் போட்டு உரஞ்சு உரஞ்சு என்று உரஞ்சினாலும் நுரை என்பது மருந்துக்கும் வராது. வெள்ளையாகத் திரண்டு தலைமயிரில் ஒட்டிக்கொள்ளும், தலை தும்புக்கட்டையாகிவிடும். சவர்த் தண்ணியிலும் நுரைக்கக்கூடிய ஒரு பொருளைச் சில கிருமிகள் தங்கள் உடம்பில் செய்கின்றன. ஆனால் கொஞ்சம்தான் செய்யும், அதுவும் நோய் தருகிற கிருமிகள். ஆகவே அந்தச் செய்முறையை மட்டும் எடுத்து ஒரு சாதுவான கிருமிக்குள் செருகினார்கள். செருகியதில் ஆயிரக்கணக்கான தினுசு பிறந்தது. எது செய்கிறது, எது சும்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறது என்று கண்ணால் பார்த்தால் தெரியாது.

அதற்குத்தான் மெசின். வெளிநாட்டில் ஆரோ பாவித்துவிட்டுக் கொடுத்த பழைய நிறைமாலைமானி. அதை ஓட்டியவன் இன்சாப். முசலிப் பக்கத்துக் குடும்பம், வளர்ந்தது புத்தளத்தில், வாயைத் திறந்தால் பகிடி. மெசின் செய்வதை அவன் இப்படித்தான் விளங்கப்படுத்துவான்: "உருக்குத் தட்டில கிருமியைத் தொட்டு வைக்கிறம். மேல ஒரு மருந்துத் துளி விட்டுக் காய வைக்கிறம். ஒளிக்கதிரால ஒரு அடி. கிருமிக்குள்ள இருந்த சாமான் எல்லாம் எழும்பி ஒரு குழாய்க்குள்ள ஓடும். மெலிஞ்சவர் முதல் வருவார், தடிச்சவர் பிந்தி வருவார். வந்த நேரத்தை வைச்சு ஆளின்ர நிறை எவ்வளவு எண்டு சொல்லலாம். எங்கட சவுக்காரச் சாமானுக்கு ஒரு நிறை இருக்கு. திரையில அந்த எண்ணில கொடி எழும்பினா, ஆள் வீட்டில இருக்கிறார்." ஒரு தட்டில் பதினாறு வரிசை, வரிசைக்கு இருபத்துநான்கு, மொத்தம் முந்நூற்று எண்பத்துநான்கு புள்ளி. ஒவ்வொன்றையும் கையால் வைக்க வேண்டும்.

நிலையப் பொறுப்பாளர் கலாநிதி சீவரத்தினம் அவளுடைய பட்டத்தைக் கேட்கவில்லை. குச்சியைக் கொடுத்து, வைத்துக் காட்டச் சொன்னார். பார்த்தார். ஆறு மாதம் தற்காலிகமாக எடுத்தார். "பிறகு தலைமைக் கந்தோருக்கு நான் கடிதம் எழுதுவன். நல்லாச் செய்தா நிரந்தரம். பட்டக் கடதாசி வந்தாலும் வராட்டிலும் பரவாயில்லை" என்றார். வயல்காரக் குடும்பத்து மனுசன், சொல்லுகள் எண்ணி எண்ணித்தான் வரும். அவருக்கு ஒரேயொரு எதிரி, உப்பு. "உப்பு துளி பட்டாலும் மெசின் பொய் சொல்லும். வெறுங்கை தட்டில படக்கூடாது. கிணத்துத் தண்ணி இந்தக் கதவுக்குள்ள வரக்கூடாது" என்று வாரத்துக்கு நாலு தரம் சொல்லுவார்.

ஆறு மாதம் முடிகிற கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. கடைசித் தட்டு. அதுவரை பார்த்த தட்டுகளில் கொடி எழும்பியதெல்லாம் நோஞ்சான் கொடிகள். இந்தத் தட்டில்தான் எல்லாருக்கும் நம்பிக்கை. பின்னேரம் கடிதம் எழுதப்போவதாகச் சீவரத்தினம் காலையிலேயே சொல்லிவிட்டு மன்னார் ரவுணுக்குப் போனார்.

ஜெனிஸ்ராவுக்கு நெஞ்சு பக்குப் பக்கென்றது. வரும்போது நீக்கிலாஸ் மாதா கோயிலில் மந்திரித்த தீர்த்தத்தை ஒரு சின்னப் போத்தலில் விட்டுக் கொடுத்திருந்தார். "பயப்பிடாத பிள்ளை, மாதா பாத்துக்கொள்ளுவா" என்று அனுப்பியிருந்தார். உள்ளே போனாள். போத்தலைத் திறந்து, பெருவிரலால் தொட்டு நெற்றியில் வைத்தாள். தட்டை எடுத்து வைத்தாள். கையுறையைப் போட்டாள். குச்சியை எடுத்தாள். இரண்டு மணித்தியாலம் மூச்சுவிடாமல் முந்நூற்று எண்பத்துநான்கு புள்ளியும் வைத்தாள். ஒரு சாண் தட்டில் கோலம் போட்டதுபோல் அவ்வளவு நேர்த்தி. தன் கையை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

தட்டை எடுத்து வைத்ததற்கும் கையுறை போட்டதற்கும் நடுவில் அந்த ஈரப் பெருவிரல் என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியாது.

இன்சாப் தட்டை மெசினுக்குள் விட்டான். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக நிறம் ஏறி வந்தன. சரியான எண்ணில் கொடி எழும்பினால் பச்சை, எழும்பாவிட்டால் சாம்பல், வேறு எண்ணில் எழும்பினால் சிவப்பு. பச்சையும் சாம்பலும் கலந்து வந்துகொண்டிருந்தது. பிறகு நடுவில் ஒரு சிவப்பு. அதன் கீழ் இன்னொரு சிவப்பு. இன்சாப் கதிரையை முன்னுக்கு இழுத்தான். தட்டு முடிந்தபோது திரையின் நடுவில், மேலிருந்து கீழாக ஒரு கோடும் குறுக்காக ஒரு கோடுமாக, செக்கச் செவேலென்று ஒரு சிலுவை நின்றது.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பூமணி நிலம் துடைக்க உள்ளே வர வேண்டுமா? நிலையத்தைக் கூட்டித் துடைத்து, தட்டுகளையும் கழுவி வைக்கிற பெண் அவள். திரையைப் பார்த்தாள். துடைப்பம் கையை விட்டு விழுந்தது.

"ஐயோ கடவுளே! சிலுவை! பிள்ளை, மெசினுக்குள்ள சிலுவை!"

"பூமணியக்கா, கொஞ்சம் பொறுங்கோ" என்று இன்சாப் சொல்வதற்குள் அவள் படலையைத் தாண்டிவிட்டாள். பூமணி முருகனைக் கும்பிடுகிறவள். ஆனால் புதினம் என்று வந்தால் அவளுக்கு எல்லாச் சாமியும் ஒன்று.

அவள் போனதும் இன்சாப் ஒரு சிவப்புப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தான். கொடி இருபத்திரண்டு எண் தள்ளி நின்றது. அடுத்ததும் இருபத்திரண்டு. அதற்கடுத்ததும். எண்ணினான், முப்பத்தாறு புள்ளியும் அப்படியே.

"அக்கா, இருபத்திரண்டு எண்டா என்ன?"

ஜெனிஸ்ரா திரைக்குக் கிட்ட வந்தாள். "உப்பு. உப்பில இருக்கிற சோடியம் சாமானோட ஒட்டிக்கொண்டு ஓடும். அவ்வளவு நிறை கூடும்."

"உங்கட பெருவிரலை ஒருக்காக் காட்டுங்கோ."

காட்டினாள். விரலைப் பார்த்தாள். மேசையில் இருந்த போத்தலைப் பார்த்தாள். தீர்த்தத்தில் சாமியார் உப்பு மந்திரித்துப் போடுவார். போடாவிட்டாலும் கோயில் கிணறும் சவர்தான். அவளுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"நாசமாப் போச்சு" என்றாள். "ஆறு மாசம், இன்சாப். ஆறு மாசம் ஒரு பிழை விட்டிருப்பனா?"

இன்சாப் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான். "அழாதீங்கக்கா. சேர் வர இன்னும் நேரம் இருக்கு. தட்டைக் கழுவுவம். மெசின் மக்கர் பண்ணிச்சு, திரும்ப ஓட்டுறம் எண்டு சொல்லுவம். அந்தப் பழைய மெசினைப் பற்றி என்ன சொன்னாலும் சேர் நம்புவார்."

நல்ல வழிதான். ஜெனிஸ்ரா எழும்பியும்விட்டாள். அதற்குள் வெளியே ஒரே இரைச்சல். யன்னலால் பார்த்தால் வேலி நெடுகச் சனம். கீரியில் பாதி நிற்கிறது. ஆரோ ஓட்டோவில் ஓலைத்தொடுவாய்க்கும் செய்தி கொண்டுபோயிருக்கிறார்கள். எல்லாருக்கும் முன்னால், மணலில் முழங்காலில் நிற்பவர் நீக்கிலாஸ்.

"என்ர பிள்ளை வைச்ச தட்டிலதான்!" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "புதுமை! நண்டு கிள்ளுது எண்டு கதைச்சீங்களே, இப்ப பாருங்கோ! மாதா ஆரின்ர கையில புதுமை செய்திருக்கிறா எண்டு பாருங்கோ!" இரண்டு வருஷம் கேளாத காது இன்றைக்குத் திறந்துவிட்டது. மனுசனின் முகம் அப்படிப் பிரகாசித்தது. ஜெனிஸ்ரா தட்டைக் கழுவப் போகாமல் யன்னலடியிலேயே நின்றாள்.

சீவரத்தினத்தின் வாகனம் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தது. உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். ஒரு கொடியைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"உப்பு" என்றார். வாசலில் வந்து நின்ற பூமணியின் பக்கம் திரும்பினார். "தட்டைக் கழுவினது நீர்தானே? கிணத்துத் தண்ணியிலயோ கழுவினீர்? உப்புத் தண்ணி இப்பிடித்தான் கோடு கோடாக் காயும். எத்தினை தரம் சொன்னனான்! நாளையிலிருந்து வரவேண்டாம்."

பூமணி கையெடுத்துக் கும்பிட்டாள். "இல்லை சேர். சத்தியமா இல்லை சேர். போத்தல் தண்ணியிலதான் கழுவினனான்" என்றாள். சற்று முன் ஊரைக் கூட்டிய வாய் இப்போது அதையே திரும்பத் திரும்பச் சொன்னது.

இன்சாப் மெசினைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜெனிஸ்ரா அவனை முந்திக்கொண்டாள். பயம் வந்தால் அவளுக்கு ஊர்த் தமிழ் மறந்துபோகும், முகாமில் பழகிய தமிழ்தான் வரும்.

"நான்தாங்க சார்" என்றாள். "பூமணியக்கா மேல தப்பு இல்லைங்க. தீர்த்தம் தொட்ட கையோட நான்தான் தட்டுல சிலுவை போட்டுட்டேன். எனக்கே தெரியாமப் போட்டுட்டேன். என்னை வேணும்னா அனுப்பிடுங்க."

சீவரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார்.

"பூமணி, நான் அவசரப்பட்டிட்டன். பிழை என்ர. நீர் போய்த் தேத்தண்ணி குடியும்" என்றார். பிறகு ஜெனிஸ்ராவிடம், "அந்த முப்பத்தாறு கிருமியும் வேற தட்டில மிச்சம் வைச்சிருக்கிறீரோ?"

"ஆமாங்க... ஓம் சேர். எல்லாத்திலயும் வைச்சிருக்கிறன்."

"இஞ்ச வந்து கையுறையைப் போடும். புதுத் தட்டில வையும். கையுறை போடுமட்டும் நான் உம்மட கையையே பாத்துக்கொண்டு நிப்பன்."

அதற்கு முன் வேலிக்குப் போய் வருகிறேன் என்றாள். போனாள். ஓடி ஒளிக்கலாம்போல இருந்தது, ஆனாலும் போனாள். எல்லாரும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள். "அது புதுமை இல்லை. என்ர விரல் போட்டது. தீர்த்தத்தில இருந்த உப்பு."

சனம் முணுமுணுத்தது. சிலர் சிரித்தார்கள். நீக்கிலாஸ் முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

"அப்ப புதுமை இல்லையோ?"

"இல்லையப்பா. உப்பு."

மனுசன் அவளைப் பார்க்கவில்லை. சிரித்தவர்களுக்கு நடுவால் தலையைக் குனிந்துகொண்டு றோட்டுக்கு நடந்தார். ஜெனிஸ்ரா உள்ளே வந்து, கண்ணைத் துடைத்து, கையுறையைப் போட்டு, முப்பத்தாறையும் வைத்தாள். கை அப்போதும் நடுங்கவில்லை.

சிலுவையின் நட்ட நடுவில் இருந்த கிருமிதான் எல்லாவற்றிலும் கெட்டித்தனமானது என்று சொன்னால் கதை வடிவாக இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல. நடுவில் இருந்தது நோஞ்சான் கொடி காட்டிய சோம்பேறி. கெட்டிக்காரக் கிருமி சிலுவையின் இடது பக்கக் கையின் ஓரத்தில், கடைசிக்கு முதல் புள்ளியில் இருந்தது. உப்பு விலகியதும் அதன் கொடி சரியான எண்ணில், திரையின் மேல் விளிம்பு வரை எழும்பி நின்றது. இன்சாப் "அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு கதிரையை விட்டுத் துள்ளினான். சீவரத்தினம் துள்ளவில்லை. "ம்" என்றார். அவர் "ம்" என்றால் மற்றவர்கள் கைதட்டியதற்குச் சமன். கடிதத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. கேட்க ஜெனிஸ்ராவுக்கும் துணிவில்லை.

மூன்று கிழமை அந்தக் கிருமியைக் குடுவை குடுவையாக வளர்த்தார்கள். அந்த மூன்று கிழமையும் நீக்கிலாஸ் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் கதைத்தார். கோயிலில் மற்றவர்கள் அவரைப் பகிடி பண்ணுவதாகக் கேள்வி. வள்ளத்தடிக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார். அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

நாலாம் வாரம் திங்கட்கிழமை, வேலை முடிந்து ஒரு சின்னப் போத்தலும் ஒரு கடித உறையுமாக ஜெனிஸ்ரா வீட்டுக்கு வந்தாள். தகப்பன் கிணற்றடியில் நின்றார்.

"அப்பா, கையைக் காட்டுங்க."

"என்னத்துக்கு?"

"காட்டுங்கோவன்."

சவர்த் தண்ணியில் ஒரு வாளி அள்ளினாள். போத்தலில் இருந்து சில துளி அவர் உள்ளங்கையில் விட்டாள். மனுசன் வேண்டாவெறுப்பாகக் கையை உரஞ்சினார். ஒருக்கா உரஞ்சினார், நின்றார், பிறகு வேகமாக உரஞ்சத் தொடங்கினார். விரலிடுக்கெல்லாம் நுரை பொங்கியது. முழங்கை வரை பூசினார். தலையிலும் கொஞ்சம் அப்பிக்கொண்டார். அறுபத்தெட்டு வயது ஆம்பிளை அந்தக் கிணற்றடியில் சிறுபிள்ளை மாதிரி நின்று சிரித்தார்.

"எடி பிள்ளை! இது எங்கட தண்ணிதானே?"

"எங்கட தண்ணிதான் அப்பா. எங்கட கிருமி செய்த சாமான்."

அப்போதுதான் உறையை எடுத்தாள். தலைமைக் கந்தோரிலிருந்து வந்த நியமனக் கடிதம். அதோடு, சீவரத்தினம் அந்தக் கந்தோருக்கு எழுதிய கடிதத்தின் பிரதியும் இருந்தது; அந்த வெள்ளிக்கு நான்கு நாளின் பின் எழுதியிருந்தார், அவளிடம் ஒரு சொல்லும் சொல்லாமல். ஈரக்கையோடு நீக்கிலாஸ் அந்தப் பிரதியைப் பறித்தார். எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"'செல்வி ஜெனிஸ்ரா நீக்கிலாஸ் தான் விட்ட பிழையை, மற்றொருவர் மேல் பழி விழுந்தபோது, தானே முன்வந்து கூறினார். இத்தகையவர் வைத்த தட்டை நான் இருமுறை சரிபார்க்கத் தேவையில்லை. இந்நிலையம் கண்ட புதுமை...'"

நிறுத்தினார். அந்தச் சொல்லை இன்னொருக்கா வாசித்தார். கந்தோர்க்காரர் புதுமை என்றால் புதிய கண்டுபிடிப்பு. நீக்கிலாசின் கோயிலில் புதுமை என்றால் மாதா செய்கிற அற்புதம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு விளங்கப்படுத்த ஜெனிஸ்ரா வாயைத் திறந்தாள்.

"பொறு, பொறு, முடிக்கட்டும்" என்று கையைக் காட்டினார். "'இந்நிலையம் கண்ட புதுமை இவருடைய கையால் நிகழ்ந்தது.' பாத்தியே! வேலியில வந்து இல்லை எண்டு சொன்னனி! அரசாங்கமே முத்திரை குத்தி அனுப்பியிருக்கு, புதுமையாம், உன்ர கையாலயாம்!"

ஜெனிஸ்ரா வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நாளைக்குக் கோயிலடியில் இந்தக் கடிதம் ஆர் ஆர் கைக்கெல்லாம் போகப்போகிறது என்று அவளுக்கு இப்போதே தெரிந்தது. போகட்டும்.

நீக்கிலாஸ் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, மூளையிடம் ஒரு சொல்லும் கேட்காமல், நுரை வழிகிற பெருவிரலால் அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார்.

"அப்பா! ஈரக்கை!" என்று ஜெனிஸ்ரா பாய்வதற்குள் குறுக்குக் கோடும் விழுந்துவிட்டது.